திடல்மேட்டுக் கணக்கு

“வயல்காட்டில் ஏது வனவிலங்கு?” என்று என் தோழியர் பலர் கேட்டதுண்டு. புலியும் யானையும் உலவும் இடமே காடு, அங்கே வாழ்பவையே வனவிலங்கு என்று நாம் பாடப்புத்தகப் படங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். கீரப்பாளையத்துக்கு அருகில் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் திடலை நாங்களும் வெறும் திடல் என்றே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு தரகர் வந்து அதன் மண்ணுக்கு விலை பேசும்வரை.

எங்கள் பகுதி வண்டல் பூமி. உண்மையான செம்மண் கிராவல் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலங்களில்தான் உண்டு. ஆயினும் பள்ளம் நிரப்பப் போகும் எந்த மண்ணையும் லாரிக்காரர்கள் ‘கிராவல்’ என்றே சொல்கிறார்கள். சாலைகள் அகலமாகும் காலம் இது, மண்ணுக்குக் கிராக்கி. அக்காவின் கல்லூரிக் கட்டணம் தலைக்கு மேல் நின்றதால் அப்பா உடனே மறுக்கவில்லை. “அங்கே என்னம்மா இருக்கு, நாலு பனையும் முள்ளுப் புதரும்தானே?” என்றார். “எனக்கு ஆடி வரைக்கும் நேரம் குடுங்கப்பா, எண்ணிச் சொல்றேன்” என்றேன். சிரித்தார், ஆனால் தரகரைக் காத்திருக்கச் சொன்னார்.

எண்ணும் முறையை எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டர் கற்பித்தார். மாதம் இருமுறை, பொழுது விடிந்த அரைமணிக்குள், ஒரே பாதையில், அதே ஐந்து இடங்களில் நின்று பார்க்க வேண்டும். ஒன்றும் காணாத நாளையும் எழுத வேண்டும். இது மிக முக்கியம் என்பார். இல்லாவிட்டால் நமக்குப் பிடித்ததை மட்டுமே எழுதி வைப்போமாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயல்கள் ஏரியாகிவிட்டன. அப்போதுதான் திடலின் அருமை தெரிந்தது. வரப்பெலியும் கீரியும் சாரைப்பாம்பும் அந்த மேட்டுக்கே ஏறி வந்தன. 2015 வெள்ளத்தில் நம் ஆடுகளும் அங்கேதான் நின்றன என்று அப்பா நினைவு கூர்ந்தார். தண்ணீர் வடிந்ததும் நத்தைகுத்தி நாரைகள் வயலில் இறங்கின. மார்கழியில் பூனைப்பருந்தும் மஞ்சள் வாலாட்டியும் வந்தன. வெகு தூரத்து வடதேசங்களிலிருந்து வரும் அவ்விருந்தாளிகளுக்குக் கீரப்பாளையத்தின் முகவரியை யார் கொடுத்தார்களோ!

பனையில் கூகை குடியிருந்தது. இரவெல்லாம் எலி பிடித்துத் தின்னும் அந்தப் பறவையை எங்கள் தெருவில் அபசகுனம் என்பார்கள். எலி தின்ற நெல்லுக்கு மட்டும் வருந்துவார்கள். கூகைக்குப் படுக்கை திடலில், சாப்பாடு வயலில். ஒன்றரை ஏக்கரை வெட்டினால் அந்த ஒன்றரை ஏக்கரோடு இழப்பு நின்றுவிடாது என்பதை இதில்தான் கண்டுகொண்டேன்.

முன்பு யாரோ மண் எடுத்த பழைய பள்ளம் ஒன்று திடலின் ஓரத்தில் இருக்கிறது. அதன் செங்குத்தான கரையில் பங்குனி மாதம் பதினான்கு பொந்துகளை எண்ணினேன். அத்தனையும் பஞ்சுருட்டான்களுடையவை. சற்றுத் தள்ளி வெண்மார்பு மீன்கொத்தியின் பொந்தும் இருந்தது. ஆக, மண் வெட்டுவது எல்லா உயிருக்கும் கேடு என்று சொல்லிவிட முடியாது. வெட்டிய கரையையே இவை வீடாக்கிக் கொள்கின்றன. ஆனால் மாசி முதல் ஆனிக்குள் ஜே.சி.பி. இறங்கினால் குஞ்சுகள் உயிரோடு புதைந்துவிடும். ஓர் உடும்பையும் இருமுறை கண்டேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலைப் போலவே உடும்பும் முதல் அட்டவணையில் இருப்பது.

மண் எடுப்பதற்குச் சட்டம் உண்டா என்றும் தேடினேன். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியது. சாலை, குழாய் போன்ற நீளமான திட்டங்களுக்கு மண் எடுக்க அனுமதி வேண்டாம் என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் விலக்களித்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. 2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியபோது எங்கள் கீரப்பாளையம் ஒன்றியமும் அதில் சேர்ந்தது. எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலைகளையும் அச்சட்டம் தடுக்கிறது. மண் குழி அப்பட்டியலில் இல்லை. 2023இல் சேத்தியாத்தோப்புக் கிழக்கு நிலக்கரிப் பகுதி ஏலப் பட்டியலில் வந்தபோது ஊரே கலங்கிற்று. எதிர்ப்பு எழுந்ததும் ஏப்ரலிலேயே அதை நீக்கினார்கள். பெரிய சுரங்கம் என்றால் செய்தித்தாளில் வரும். ஒன்றரை ஏக்கர் திடலுக்கு யார் வருவார்? அனுமதி விண்ணப்பத்தில் அவ்விடத்து உயிரினங்களைப் பற்றியும் எழுத வேண்டுமாம். சித்திரை மாத நடுமதியத்தில் ஒரேயொரு நாள் வந்து பார்ப்பவருக்குக் காகமும் ஓணானும்தான் கிடைக்கும். அவர் பொய் எழுதமாட்டார், கண்டதைத்தான் எழுதுவார்.

ஆடியில் என் நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன். 41 வகைப் பறவைகள். பாம்பு, கீரி, உடும்பு தனி. கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தார். “கூகை எத்தனை எலி தின்னும்?” என்று மட்டும் கேட்டார். “பெரும்பாலும் எலிதான் அதுக்குச் சாப்பாடு, குஞ்சு இருந்தா ராத்திரி பல எலி வேணும்ப்பா” என்றேன். மறுநாள் தரகர் வந்தார். பனையும் கரையும் உள்ள மேட்டில் கை வைக்கக்கூடாது. சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் தென்மூலையில் வேண்டுமானால், அனுமதிக் காகிதத்தோடு வந்தால், ஆனிக்குப் பிறகு பேசலாம் என்றார் அப்பா. அந்த மூலை மண் டிப்பர் வாடகைக்கே கட்டாது என்று தரகர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் கல்விக்கடன் விண்ணப்பம் வங்கியில் இருக்கிறது. அப்பா வாரம் ஒருமுறை போய்க் கேட்டு வருகிறார்.

— பன்னிரண்டாம் வகுப்பு, ‘அ’ பிரிவு மாணவி