அண்ணன் பார்க்காத கச்சேரி

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. விரிஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு டிவி வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. வந்தும் படம் புள்ளி புள்ளியாகத்தான். குன்னக்குடி வைத்தியநாதன் வயலின், வலையப்பட்டி சுப்பிரமணியம் தவில் என்றால் தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும். ஆம்பூர் தோல் ஷாப்பிலிருந்து வந்த அண்ணன், சட்டைகூட மாற்றாமல் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார். "தெரியுதா?" "தெரியல!" படம் நின்றுவிட்டால் அவர் கையை எடுக்க முடியாது. கச்சேரி முடியும்வரை மொட்டை மாடிதான்.

இப்போது பிரசார் பாரதி காப்பகம் பழைய கச்சேரிகளை யூடியூபில் போடுகிறது. போன வாரம் குன்னக்குடி கிடைத்தார், அதே விபூதிப் பட்டையோடு. அண்ணனிடம் போனை நீட்டினேன். இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"இவரு இப்டி சிரிச்சிக்கினேவா வாசிப்பாரு?" என்றார்.