சொந்த வீடு 8 கிலோமீட்டரில்... தங்கியது வாடகை வீட்டில்!

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்காது. முகப்புக் கதவுக்கு ஒன்று, வளவைச் சுற்றியிருக்கும் அறைகளுக்கு ஆளுக்கொன்று என்று சென்னை, கோவை, சிங்கப்பூர், நியூஜெர்ஸி வரை சாவிகள் சிதறிக் கிடக்கும். வீட்டைக் கட்டியவர் ஒருவர். இன்று அதற்கு உரிமையாளர்கள் 19 பேர். சோழவரத்தில் குடியிருக்கும் அந்தக் குடும்பத்தின் கதையும் இதுதான்.

அவருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், 78 வயது அம்மா. ஜி.என்.டி. சாலையில் இரவு முழுக்க ஓடும் கன்டெய்னர் லாரிகளின் சத்தத்துக்குப் பழகிப்போன இரண்டு படுக்கையறை வீடு. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கொள்ளுத் தாத்தா பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அவருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு உண்டு. அந்த வீட்டுக்குத்தான் இப்போது விலை வந்திருக்கிறது. வீட்டுக்கு என்றுகூடச் சொல்ல முடியாது. வளவில் நிற்கும் 16 தேக்குத் தூண்களுக்கும், முகப்பு நிலைக்கதவுக்கும்.

பங்காளிகள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளி இரவு ரயில் ஏறி, விடிவதற்கு முன்பே காரைக்குடியில் இறங்கினார்கள். ஆட்டோ வைத்து நேராகக் கிராமத்துக்குப் போனார்கள். காவலுக்கு இருக்கும் பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வௌவால் நாற்றம். இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து, ஒரு மூலையில் வானம் தெரிந்தது. சுவரில் அரசங்கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டு நான்கு வருடங்கள். கழிப்பறை என்ற ஒன்று அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"இங்கே எப்படிங்க தங்குறது?" என்று மனைவி கேட்டதில் தப்பே இல்லை. எட்டு கிலோமீட்டர் தள்ளி, கானாடுகாத்தான் பக்கம், ஹோட்டலாக மாற்றப்பட்ட இன்னொரு செட்டியார் வீட்டில் முன்கூட்டியே அறை போட்டிருந்தார்கள். ஓர் இரவுக்கு 9,000 ரூபாய். சோழவரம் வீட்டின் ஒரு மாத வாடகையைவிட அதிகம்.

இப்படிப் பழைய வீடுகளில் விருந்தாளிகளைத் தங்கவைப்பது செட்டிநாட்டில் கால் நூற்றாண்டுப் பழக்கம். காரைக்குடியின் 'பங்களா' இதற்கு முன்னோடி. கானாடுகாத்தானில், தந்தை தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு இன்று 'விசாலம்' என்ற பெயரில் விடுதி. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' வீட்டைப் பழுதுபார்த்து விடுதியாக்கியவர்கள் பிரான்ஸிலிருந்து வந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள், மிஷேல் அட்மோனும் பெர்னார் டிராகனும். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனையும் கானாடுகாத்தானில்தான் இருக்கிறது. ஆனால் அதை வெளியிலிருந்து பார்க்கலாமே தவிர, படுத்துறங்க முடியாது.

அந்த மதியம் விடுதிக்குள் நுழைந்ததும் மகள் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கி விளையாடியது. கண்ணாடிப் பலகையின் மீது வண்ணச் சாந்தை அச்சுக்குள் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, உலர்த்தித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதுதான் ஆத்தங்குடிக் கல். சூளையே கிடையாது. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் தரைக்கு மேல்முகமாக வரும். அந்த வழவழப்பு அங்கிருந்து வந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். சுவர் இன்னொரு அதிசயம். சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. வெளியே வெயில் கொளுத்தும்போது அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

ஆனால் அம்மாவுக்கு அந்த வீட்டில் தெரிந்ததே வேறு. 19 வயதில் மருமகளாக இப்படியொரு வீட்டுக்குள் வந்தவர் அவர். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு கதவு. அதற்குள் இருக்கும் அறைக்குப் பெயரே 'வீடு'தான். சீர் சாமான்கள், வெள்ளிப் பாத்திரங்கள், சாமி படம் எல்லாம் அதற்குள். அடுப்பும் தனித்தனி. ஒரே கூரைக்குக் கீழே ஐந்து குடும்பம், ஐந்து உலை.

"அப்பத்தா, நீங்க எந்த ரூம்ல தூங்குவீங்க?"

"ரூம்புல யாருடி தூங்குனா? அதுக்குள்ள பெட்டியும் பானையும்தான். நாங்க எல்லாம் பட்டாலையில பாயை விரிச்சிருவோம். காத்து பிச்சுக்கிட்டு வரும்."

விடுதி விற்பது ஒருவகையில் அந்த வீட்டில் யாருமே வாழாத ஒரு வாழ்க்கையைத்தான். ஏசி போட்ட அறை, நான்கு கால் கட்டில், தனிக் குளியலறை, வாசலில் மல்லிகைச் சரம். விறகுப் புகை, மாட்டுக் கொட்டகை, மாமியார் மருமகள் சண்டை, ஒரே பின்கட்டுக் கிணற்றடிக்கு இருபது பேர் வரிசை, இவையெல்லாம் கட்டணத்தில் சேர்த்தியில்லை. சேர்த்திருந்தால் யாரும் வரவும் மாட்டார்கள். மதியச் சாப்பாட்டில் மண்டி, மாலையில் வெள்ளைப் பணியாரம், இரவு கவுனி அரிசி. கவுனியை மட்டும் அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மகன் விடுதி மேலாளரிடம் பேச்சுக் கொடுத்தார். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இதையெல்லாம் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

பதில் எளிமையாகத்தான் இருந்தது. ஓட்டை வருடா வருடம் மழைக்கு முன்பு பார்த்துவிட வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் கூரை நான்கு பக்கமிருந்தும் வளவை நோக்கிச் சரிகிறது. மழைத்தண்ணீரைப் பெரிய அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். அந்தச் சரிவில் ஓர் ஓடு நழுவினால், தண்ணீர் கீழே இருக்கும் மரத்துக்குள் இறங்கும். மரம் உளுத்தால் கூரை உட்காரும். இரண்டாவது, சிமென்ட் கூடாது. சுண்ணாம்புச் சுவரில் விரிசலுக்கு சிமென்ட் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய பூச்சைப் பாளம் பாளமாக உரித்துக்கொண்டு வந்துவிடும். நல்லெண்ணத்தோடு கெடுக்கப்பட்ட வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. மூன்றாவது, அடுப்பு எரிய வேண்டும், ஆள் நடமாட வேண்டும். பூட்டிய வீட்டில் கரையான் வருவது யாருக்கும் தெரியாது.

மூன்றாவதுதான் செட்டிநாட்டின் நோய். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை, பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று வட்டித் தொழில் செய்த பணம் இங்கே கூரையாக எழுந்தது. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்களோடு செட்டியார்களும் கிளம்பி வந்தார்கள். சுதந்திர பர்மா நிலங்களை தேசியமயமாக்கியது. வரவு நின்றது, வீடு மட்டும் நின்றுகொண்டே இருந்தது. பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போனார்கள். இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் நிலைகளும் எனாமல் பாத்திரங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு தூணைக்கூட லாரியில் ஏறாமல் தடுக்காது.

சோழவரத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ஒருகாலத்தில் கார் பந்தயம் நடக்கும். வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகு பிறந்தவர்களுக்கு அது வெறும் கதை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டை மண்மேடாகி, கல்லறைகள் மட்டும் மிச்சம். அந்தப் பக்கத்து வரலாற்றுக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது.

இரவு பதினொரு மணி இருக்கும். அம்மாவின் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து மருமகள் பதறிப்போனார். தேடிப் பார்த்தால், வளவுத் தாழ்வாரத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் சேலைத் தலைப்பை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். விடுதிப் பையன் செய்வதறியாமல் ஒரு தலையணையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஏசி காத்து ஒத்துக்கலை ஆச்சிக்கு. விடு தம்பி, நீ போய்ப் படு" என்று அவனை அனுப்பிவிட்டு, மருமகளும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மகளும் வந்தாள். 9,000 ரூபாய் கட்டில் அன்று மகனுக்கு மட்டும் பயன்பட்டது.

படுத்தபடியே அம்மா கேட்டார்: "அந்தத் தூணை வித்துட்டா மேல இருக்குற கூரையை எதுல நிறுத்துவாங்களாம்?" மருமகளிடம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு 11 பேர் நேரில் வந்திருந்தார்கள். ஐந்து பேர் வீடியோ காலில். மூன்று பேர் தொடர்பில் இல்லை. நான்கு பங்காளிகள் விற்றுவிடலாம் என்றார்கள். அவர்களில் ஒருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் நெருக்கிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. பர்மாவிலிருந்து வந்த தூண், பிள்ளையின் படிப்புக்கு உதவாவிட்டால் பிறகு எதற்கு என்று அவர் கேட்டபோது யாரும் பேசவில்லை. விடுதிக்காரர்களுக்கே நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். 19 பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும். தொடர்பில் இல்லாத மூவரை எங்கே போய்த் தேடுவது?

சோழவரத்துக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நேத்து ராத்திரி நான் தங்குறதுக்கு 9,000 குடுத்தேன். ஆளுக்கு அதே 9,000 போட்டா, மழைக்கு முன்னாடி ரெண்டு பக்க ஓட்டையாவது மாத்திடலாம். தூண் எங்கேயும் போகாது. ஒரு வருஷம் கழிச்சு உட்கார்ந்து பேசுவோம்" என்றார். கல்லூரிக் கட்டணக்காரருக்கு மட்டும் விலக்கு என்று இன்னொரு பங்காளி சொல்ல, அவர் மறுத்துவிட்டார். தன் பங்கை இரண்டு தவணையாகத் தருவதாகச் சொன்னார்.

அம்மா கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தார். ஓட்டோடு சேர்த்துப் பின்கட்டில் ஒரு கழிப்பறையும் கட்ட வேண்டும். அடுத்த முறை அவர் அங்கேதான் தங்குவாராம்.

இதுவரை 14 பேர் பணம் அனுப்பியிருக்கிறார்கள். ஆத்தங்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு, முதல் வேலையாகச் சுவரிலிருந்த அரசங்கன்றை வேரோடு எடுத்துவிட்டார். அந்தப் படம் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, தொடர்பில் இல்லாத மூவரில் ஒருவர் மலேசியாவிலிருந்து, "இது நம்ம வீடா?" என்று கேட்டிருக்கிறார்.