கதவுக்கு ஒரு கொக்கி

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. பிற்பகலில் கடற்காற்று கிளம்பிவிட்டால் போதும். கதவுகளுக்குப் பேய் பிடித்துவிடும்! 'படார்' என்று சாத்திக்கொள்ளும். ஒன்றரை வயதுப் பேத்திக்கோ கதவு இடுக்கில் விரல் வைப்பதுதான் விளையாட்டு. என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

செங்கல் வைத்தேன், அவள் நகர்த்திவிட்டாள். காகிதத்தை மடித்துச் செருகினேன், காற்று தள்ளிவிட்டது.

மாமியார் சிரித்தார். சிறு வயதில் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி மகாபலிபுரம் போனவர் அவர். 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்களே, அதே கால்வாய்தான். "ஆடுகிற படகில் வெறும் பாரத்தை நம்ப முடியுமா? எதையும் கட்டித்தான் வைப்பார்கள். கதவையும் கட்டிப்போடு" என்றார்.

தச்சர் வந்து பித்தளைக் கொக்கி மாட்டினார். கீல் பக்கம் கூடாது. எதிர் ஓரத்தில் மாட்டினால்தான் காற்றின் இழுப்பைச் சுலபமாகத் தாங்கும். உயரம், குழந்தையின் கைக்கு எட்டாதபடி. கொக்கி தளர்வாக இருந்தால் 'லொடலொட'வென்று தூக்கம் போய்விடும். கச்சிதமாக இருக்க வேண்டும். இனி இடுக்கில் விரல் போனாலும் பயமில்லை, கதவு அசைந்தால்தானே!

கொக்கி மாட்டும்வரை, தடித்த துண்டு ஒன்றைக் கதவின் மேல் விளிம்பில் போட்டு வையுங்கள், முழுக்கச் சாத்தாது. பார்க்க அழகில்லைதான். பிஞ்சு விரலைவிடவா அழகு பெரிது, சகோதரிகளே?