மூன்று கட்டம், ஒரே சூடு

ஃபோன்களை ஒப்பிட்டு எழுதுகிற நாங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அட்டவணையைத்தான் போடுகிறோம். பேட்டரிக்கு ஒரு கட்டம், கேமராவுக்கு ஒரு கட்டம், உடல் தரத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டி, அதிகம் வாங்கியதை நல்ல ஃபோன் என்கிறோம். சென்னையில் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது என்பது என் கட்சி. இங்கே அந்த மூன்று கட்டங்களையும் சூடு ஒன்றாக்கிவிடுகிறது. ப்ராசஸர் கிளப்பும் வெப்பம் பக்கத்திலிருக்கும் பேட்டரிக்கும் கேமராவுக்கும் பரவி, சட்டம் வழியாகவும் முதுகு வழியாகவும்தான் வெளியேற வேண்டும். பெரும்பாலான ஃபோன்களில் ஃபேன் கிடையாது. வெளிக்காற்றே கொதித்தால் வெப்பம் போக்கிடமில்லாமல் உள்ளேயே தங்கும். ஆப்பிள், சாம்சங் இரண்டுமே 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் ஃபோனைப் பயன்படுத்தச் சொல்கின்றன. கத்திரி வெயில் காலத்துப் பாண்டி பஜார் நடைபாதை மதியத்துக்கு முன்பே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

பெட்டியில் 5,000 எம்ஏஎச் என்று இருப்பது கொள்ளளவு மட்டுமே. செலவு வேறு விஷயம். உச்சி வெயிலில் திரையைப் படிக்க வெளிச்சம் உச்சத்துக்கு ஏற வேண்டும். மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில், தடித்த சுவர் வைத்த பழைய வீடுகளுக்குள் சிக்னல் குறையும்போது, டவரை எட்ட ஃபோன் கூடுதல் சக்தியைச் செலவிடும். இரண்டும் சார்ஜைத் தின்பதோடு சூட்டையும் கூட்டும். டி.நகரில் சாப்பாடு டெலிவரி செய்கிறவரின் ஃபோனைப் பாருங்கள். ஸ்கூட்டர் ஹேண்டில்பார் ஹோல்டரில், நேர் வெயிலில், மேப் ஓடியபடி, பவர்பேங்கிலிருந்து சார்ஜ் ஏறியபடி பகல் முழுக்கக் கிடக்கிறது. வெப்பம் வரம்பைத் தொட்டதும் ஃபோன் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறும் வேகத்தையும் குறைக்கும். விளம்பரத்தில் வந்த 80 வாட் அந்த ஸ்கூட்டரில் செல்லாது. போதாததற்கு அதிர்வு வேறு. பலமான பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறினால், கேமராவில் படம் ஆடாமல் பிடிக்கும் அமைப்பும் ஃபோகஸும் கெடலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. ஸ்கூட்டர்களுக்கும் அதிர்வைத் தாங்கும் ஹோல்டரைத்தான் பரிந்துரைத்தது. பேட்டரியும் கேமராவும் ஒரே இடத்தில், ஒரே வேலையில் கெடுகின்றன. தனித்தனிக் கட்டங்களில் இதை எங்கே எழுதுவது?

கேமராவில் மெகாபிக்சல் எண்ணை விட்டுவிடலாம். 200 மெகாபிக்சல் சென்சார்கூட வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் வீதியுலா நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பளீரென்ற வானமும் கபாலீசுவரர் கோயில் கோபுரமும். முன்னால் பந்தல் நிழலில் மாநிற முகங்களும் கறுத்த முகங்களும். முதல் நிமிட 4கே வீடியோவில் விலை கூடிய எந்த ஃபோனும் அசத்தும். நேரம் ஆக ஆகத்தான் தரம் பிரியும். சிலவற்றில் திரை மங்கி, என்ன பதிவாகிறது என்பதே எடுப்பவருக்குத் தெரியாது; சில, சூடு ஆறும்வரை கேமராவையே மூடிவிடும். ஒப்பிட வேண்டியது அந்த நேரத்துக் கேமராவை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஃபோன்கள் நிழலிலிருக்கும் கறுத்த முகத்தை வெளுப்பாக்கி, மாவு பூசியதுபோல் வழவழப்பாக்குகின்றன. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் கூகுள் 2021இல் பிக்சல் 6உடன் ரியல் டோனைக் கொண்டுவந்தது. நம் ஊர் முகத்தை அதன் நிறத்திலேயே காட்டாத கேமராவுக்குக் கூர்மைக்காக மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

உடல் தரத்துக்கு ஐபி68 என்ற முத்திரையைக் காட்டுகிறார்கள். அது புது ஃபோனை நல்ல தண்ணீரில் முக்கிப் பார்த்த சோதனை. பெசன்ட் நகர்க் கடற்கரையின் உப்பு ஈரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. மணலும் லேசுப்பட்டதில்லை. மோஸ் அளவில் குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. ஃபோன் கண்ணாடிகள் பெரும்பாலும் 6லேயே கீறல் வாங்கத் தொடங்கிவிடும். கீறலுக்குப் பயந்து தடித்த பேக் கவர் போட்டால் வெப்பம் வெளியேறும் வழி அடைபடும். இரண்டு கோடை கண்ட ஃபோனைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் என் வாதம் கண்ணுக்கே தெரியும். முதுகுக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி விழுந்திருந்தால், பெரும்பாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்கும். சூட்டில் வேதிப்பொருள் சிதைந்து உண்டான வாயு பசையை நெம்பித் திறந்துவிட்டது. அந்த இடைவெளியோடு ஐபி68உம் போயிற்று. தூசியும் ஈரமும் இனி லென்ஸுக்கு அடியில் போகலாம்.

ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரியில் சோதித்தால் எப்போது செய்தாலும் அதே விடை வரும், தெருவில் இன்றைக்கு மேகம் நாளைக்கு வெயில், இதை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு ஃபோன்களையும் ஒரே நிறுவனத்தின் சிம்மோடு, ஒரே வெயிலில், ஒரே நேரத்தில் அருகருகே ஓடவிட்டால் மேகம் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. ஆய்வுக்கூட எண்ணையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதிலிருந்து வெயிலில் எவ்வளவு இறங்கியது என்பதுதான் வாசகருக்கு வேண்டிய எண். நாள் முழுக்க ஏ.சி. அறையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் பழைய அட்டவணையே போதும்.

இரண்டு வருடத்தில் மாற்றப்போகிற ஃபோனுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்வியை மட்டும் ஏற்க முடியவில்லை. மாறுவது ஆள்தான், ஃபோன் அம்மாவுக்குப் போகும், தம்பிக்குப் போகும், இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக விலை போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஃபோன் பேட்டரிகளில் 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பது விதி. இங்கே ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2024இல் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கு ஒரு குழு அமைத்தது. அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பேட்டரி மாற்ற என்ன செலவு, முதுகைக் கழற்றி ஒட்டினால் நீர்த்தடுப்பு மிஞ்சுமா என்று ஒவ்வொரு ஃபோனுக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டு, வந்த பதிலை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம்.