லின்டிமேன் சொல்லாத பத்து சதவீதம்

பள்ளியில் அறிவியல் படித்த எவருக்கும் மறக்காத கணக்கு இது. புல்லிடம் 10,000 அலகு ஆற்றல் இருந்தால் அதைத் தின்னும் வெட்டுக்கிளிக்கு 1,000, வெட்டுக்கிளியைப் பிடிக்கும் தவளைக்கு 100, தவளையை விழுங்கும் பாம்புக்கு 10. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறும். மிச்சம் மூச்சிலும் வெப்பத்திலும் கழிந்துபோகும். தமிழ்நாட்டு 12ஆம் வகுப்புத் தாவரவியல் பாடநூல் இதைப் 'பத்து விழுக்காடு விதி' என்கிறது. முன்மொழிந்தவர் லின்டிமேன், ஆண்டு 1942 என்றும் சொல்கிறது. பெயர், ஆண்டு, எண் மூன்றும் இவ்வளவு கச்சிதமாக ஒட்டிக்கொண்டு வரும் விதிகளை நான் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஏரியும் காடும் கடலும் ஒரே எண்ணால், அதுவும் நம் கைவிரல்களின் எண்ணால், வகுபடுவானேன்? இந்தப் பத்து எங்கே பிறந்தது என்று தேடுவதற்கு முதலில் போக வேண்டிய இடம் லின்டிமேனின் கட்டுரைதான்.

ரேமண்ட் லின்டிமேன் ஆராய்ந்தது அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள சீடர் பாக் ஏரி. ஏரி என்பது பேருக்குத்தான். ஒரு மீட்டர் ஆழம், தூர்ந்துகொண்டே வந்த நீர்நிலை. அதன் பாசி, நீர்த்தாவரம், மிதவை உயிரி, பூச்சி, புழு எல்லாவற்றையும் அவரும் மனைவி எலினாரும் ஆண்டுக்கணக்கில் வாரி எடுத்து எண்ணினார்கள். பிறகு லின்டிமேன் யேல் பல்கலைக்கழகத்தில் சூழலியலாளர் ஹட்சின்சனிடம் சேர்ந்து, எண்ணியதையெல்லாம் கலோரியாக மாற்றிக் கட்டுரை எழுதினார். 'ஈகாலஜி' இதழின் மதிப்பீட்டாளர்கள் இருவரும் அதை நிராகரிக்கச் சொன்னார்கள்: ஒரே ஒரு குட்டை ஏரியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கோட்பாடா என்பது அவர்கள் குறை. ஒருவர் பால் வெல்ச், மற்றவர் சான்சி ஜூடே. ஜூடே அளந்த மெண்டோட்டா ஏரியின் ஆற்றல் கணக்கைத்தான் லின்டிமேன் தன் இரண்டாவது சான்றாக எடுத்திருந்தார் என்பது இதில் வேடிக்கை. இதழாசிரியர் தாமஸ் பார்க் அவர்கள் பேச்சை மீறிக் கட்டுரையை ஏற்றுக்கொண்டார். அது அச்சில் வந்தது 1942 அக்டோபரில். எழுதியவர் அந்த ஆண்டு ஜூன் மாதமே கல்லீரல் நோயில் இறந்துபோயிருந்தார், வயது 26.

கட்டுரையின் அட்டவணைகளைப் பார்ப்போம். சீடர் பாக் ஏரியின் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆண்டுக்கு 1,18,872 கலோரி வெயில் விழுகிறது. அதில் தாவரங்கள் பிடிப்பது 111.3, அதாவது நூற்றுக்கு 0.1. தாவர உண்ணிகளுக்குப் போவது 14.8, தாவரங்கள் பிடித்ததில் 13.3 சதவீதம். அவற்றைத் தின்பவற்றுக்கு 3.1, இதை அட்டவணை 22.3 சதவீதம் என்கிறது. மெண்டோட்டாவில் இதே படிகள் 8.7, 5.5, 13.0 என்று வருகின்றன. ஆக, இரண்டு ஏரிகளிலும் விலங்குகளுக்கான சதவீதங்கள் மொத்தம் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றுகூடப் பத்து இல்லை. அதைவிட முக்கியம், எந்த எண்ணும் நிலையானது என்று லின்டிமேன் சொல்லவே இல்லை. மேலே போகப்போக ஆற்றல் கைமாறும் திறன் கூடுகிறது என்பதுதான் அவர் கண்ட முடிவு. மெண்டோட்டாவின் 5.5 அதற்கு ஒத்துவரவில்லை, பின்னால் வந்தவர்களும் அந்த முடிவை ஏற்கவில்லை. அது வேறு கதை. ஆனால் படிக்குப் படி விகிதம் மாறுகிறது என்று வாதிட்டவர் பெயரில்தான் மாறாத விகிதம் ஒன்று விதியாக நிற்கிறது.

அட்டவணையில் பத்து ஒளிந்திருக்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். சுவாசத்துக்கும் சிதைவுக்கும் இரையானதற்கும் ஈடுகட்டுவதற்கு முன்னால், தாவரங்களின் கணக்கு 70.4, தாவர உண்ணிகளின் கணக்கு 7.0. வகுத்தால் கிட்டத்தட்ட சரியாகப் பத்து சதவீதம். ஆனால் இவை அந்தந்த மட்டத்தில் கடைசியில் தேறி நின்ற உயிர்ப்பொருளின் அளவுகள், கைமாறிய ஆற்றலின் அளவுகள் அல்ல. அப்படியே எடுத்தாலும் அடுத்த படியில் 7.0க்கு 1.3 என்று 18 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ஒரு படியில் மட்டும், அதுவும் லின்டிமேனே திருத்தம் வேண்டும் என்று ஒதுக்கிய வரிசையில் கிடைக்கும் பத்தை, அவர் கண்ட விதி என்று கொள்ள முடியாது.

பத்தின் தடம் இரண்டு திசையில் போகிறது. பின்னோக்கிப் போனால் 1881இல் ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் செம்பர் வருகிறார். ஆயிரம் அலகு தாவர உணவு நூறு அலகு தாவர உண்ணியாகும், அது பத்து அலகு ஊனுண்ணியாகும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அது அளந்து சொன்னது அல்ல, விளங்குவதற்காகப் போட்ட உதாரணம். ஊனுண்ணிகள் ஏன் எப்போதும் குறைவாகவே இருக்கின்றன என்று காட்ட, எளிதில் வகுபடும் ஓர் எண் வேண்டியிருந்தது. முன்னோக்கிப் போனால் லாரன்ஸ் ஸ்லோபாட்கின். கண்ணாடிக் குடுவையில் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை வளர்த்து, பாசியை அளந்து ஊட்டி, இரைகொல்லிக்குப் பதிலாகத் தானே குஞ்சுகளையும் பெரியவற்றையும் எடுத்து, எவ்வளவு எடுத்தால் எவ்வளவு தேறும் என்று பார்த்தவர் இவர். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தன் குடுவைகளையும் மற்றவர்களின் களக்கணக்குகளையும் சேர்த்து வைத்து, திறன் 5 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கும், ஓரளவு நிலையானதாகவும் இருக்கலாம் என்று கருதினார். பத்து என்ற எண்ணுக்கு ஆய்வக மதிப்பு கிடைத்தது இங்கேதான். ஆனால் 1972இல், ஹட்சின்சனைச் சிறப்பிக்கும் தொகுப்பு ஒன்றில், இதே ஸ்லோபாட்கின் எழுதிய கட்டுரையின் தலைப்பே இந்தத் திறனின் நிலையாமையைப் பற்றியது. எண்ணுக்கு வலுச் சேர்த்தவரே கையை எடுத்துவிட்டார். எண் மட்டும் பாடநூல்களில் தங்கிவிட்டது.

இது வெறும் குத்துமதிப்பு, மாணவருக்குப் புரிந்தால் போதாதா என்று கேட்பார்கள். படிகள் குறைவாக இருந்தால் போதும். படிகள் கூடும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் இந்த எண் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு போகிறது. ஒரு படிக்கு 5 சதவீதமா 20 சதவீதமா என்பது நான்கு மடங்கு வித்தியாசம். மூன்று படி தாண்டினால் அது 64 மடங்கு. கடலில் எவ்வளவு மீன் விளையும் என்று 1969இல் கணக்கிட்ட ஜான் ரைதர் இதை நன்றாக அறிந்திருந்தார். ஆழ்கடலுக்கு 10, கரையோரத்துக்கு 15, அடிநீர் மேலெழும் பகுதிகளுக்கு 20 என்று மூன்று தனித்தனி சதவீதங்களை வைத்தார். படிகளையும் முறையே ஐந்து, மூன்று, ஒன்றரை என்று பிரித்தார். ஆண்டுக்குச் சுமார் 24 கோடி டன் மீன் என்று விடை வந்தது. அதில் கடற்பரப்பின் பத்தில் ஒன்பது பங்கான ஆழ்கடலுக்குக் கிடைத்தது வெறும் 16 லட்சம் டன். அந்த 10ஐ 15 ஆக்கியிருந்தால் ஐந்து படியில் விடை ஏழரை மடங்கு ஏறியிருக்கும். இது கற்பனைக் கவலை இல்லை. 200 முதல் 1,000 மீட்டர் ஆழத்து இருட்டில் வாழும் மீன்களின் மொத்த எடை நூறு கோடி டன் என்றுதான் நெடுங்காலம் கணக்கு இருந்தது. 2010இல் கிளம்பிய மலாஸ்பினா கடற்பயணத்தின் ஒலியலை அளவீடுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, அது பத்து மடங்கு இருக்கலாம் என்றது; திறந்த கடலில் ஆற்றல் கைமாறும் திறன் நாம் நினைத்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்றும் வாதிட்டது.

ஆனாலும் எண் தவறிப்போனதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. லின்டிமேனின் கட்டுரையில் அட்டவணைகளோடு ஒரு படமும் உண்டு. ஏரியின் உணவுச் சுழற்சியைக் காட்டும் படம். அது ஏணியும் இல்லை, கோபுரமும் இல்லை, வட்டம். சுற்றிலும் பாசி, நீர்த்தாவரம், மிதவை உயிரி, மேய்பவை, வேட்டையாடுபவை. நட்டநடுவில் ஏரியடிச் சேறும் அதன் பாக்டீரியாக்களும். செத்ததும் கழிந்ததும் சேற்றில் விழுகின்றன. சேற்றிலிருந்து உணவும் உப்புச்சத்தும் மறுபடி மேலே போகின்றன. பாடநூல் அட்டவணையை எடுத்துக்கொண்டு படத்தை விட்டுவிட்டது. சிதைப்பவற்றை ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒதுக்கி, 'எல்லா மட்டத்திலிருந்தும்' என்று ஓர் அம்பு போட்டதோடு சரி. அங்கிருந்து ஆற்றல் திரும்பி வருவதற்கு அம்பே இல்லை.

அந்த அம்பின் கனம் என்னவென்று பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறிய, முழுசாக நேராகும் கணக்கு அயோவாவின் கோன் ஸ்பிரிங் என்ற சிற்றூற்று. லாரன்ஸ் டில்லி 1968இல் வெளியிட்டது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குத் தாவரங்கள் பிடிப்பது 11,184 கிலோகலோரி. அதில் 2,003 அவற்றின் சுவாசத்துக்கு. 300 நீரோடு வெளியே. மீதி 8,881 முழுக்கச் சேற்றுக்கு. தாவரத்தை உயிரோடு தின்பதற்கு இந்தக் கணக்கில் ஒரு கலோரிகூட எழுதப்படவில்லை! கோபுரத்தின் இரண்டாவது படியே இங்கே காலி. வெளியிலிருந்து விழும் சருகு 635ஐயும், திரும்பி வருவதையும் சேர்த்தால் சேற்றுக்கு வரவு 11,483. சேற்றிலிருந்து பாக்டீரியாவுக்கு 5,205, சேற்று மக்கைத் தின்னும் மக்குண்ணிகளுக்கு 2,309. பாக்டீரியாவை மக்குண்ணிகள் தின்பது வெறும் 75; ஆனால் பாக்டீரியாவிலிருந்து சேற்றுக்கே திரும்புவது 1,600. மக்குண்ணிகளிலிருந்து 200, அவற்றைத் தின்னும் ஊனுண்ணிகளிலிருந்து 167 கூடத் திரும்புகின்றன. சேற்றின் பெயரில் 3,109 கிலோகலோரி சுவாசச் செலவாகவும் எழுதியிருக்கிறது. செத்தது மூச்சுவிடாது, சேற்றோடு ஒட்டிக் கிடந்து தனியாகப் பிரிக்க முடியாமல் போன உயிர்களின் செலவாகத்தான் அது இருக்க முடியும். இனிப் பத்து சதவீதத்தை எங்கே வைப்பது? மக்குண்ணி எந்தப் படி? அது தின்ற துணுக்கு நேற்று உதிர்ந்த இலையாகவும் இருக்கலாம். ஏற்கெனவே ஒரு பாக்டீரியாவாக வாழ்ந்து மடிந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இங்கேதான் கடுமையான மறுப்பு வரும். சத்துப்பொருள்தான் சுழலும், ஆற்றல் ஒருவழியாகத்தான் ஓடும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மீறலாமா என்பார்கள். மீற வேண்டியதில்லை. வெப்பமாகிப் போன ஆற்றல் திரும்பாது என்பது உண்மை. ஆனால் செத்த உடலிலும் எச்சத்திலும் இருக்கும் ஆற்றல் இன்னும் வெப்பமாகவில்லை. அது அடுத்த வயிற்றுக்குப் போகும்வரை உயிரோடுதான் இருக்கிறது. கோன் ஸ்பிரிங்குக்கு வெளியிலிருந்து வரவு 11,819 கிலோகலோரி. சுவாசத்தில் 10,404ம் நீரோடு 1,415ம் போக, வரவும் செலவும் ஒரு கலோரி பிசகாமல் நேராகின்றன. ஆனால் தாவரம், சேறு, பாக்டீரியா, மக்குண்ணி, ஊனுண்ணி என்ற ஐந்து கணக்குகளின் வழியாகப் புரண்ட தொகையைக் கூட்டினால் 30,626. வரவைவிட இரண்டரை மடங்குக்கு மேல், எந்த விதியையும் மீறாமல். பொருளாதாரத்தில் லியோன்டீஃப் கண்ட உள்ளீடு-வெளியீட்டு முறையை 1973இல் புரூஸ் ஹானன் சூழலியலுக்குக் கொண்டுவந்தார். 1976இல் ஜான் ஃபின் அதிலிருந்து, புரளும் தொகையில் எவ்வளவு சுழல்கிறது என்று அளக்க ஒரு குறியீட்டைத் தந்தார். கோன் ஸ்பிரிங்கில் அது ஏறத்தாழ 9 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் சேறு சீராகக் கலந்திருப்பதாகக் கொண்டு நான் போட்டுப் பார்த்தால், ஊனுண்ணிகளுக்குக் கிடைக்கும் 370இல் சுமார் 63, ஏறக்குறைய ஆறில் ஒன்று, ஏற்கெனவே ஒருமுறையாவது சேற்றிலிருந்து எழுந்து சேற்றுக்கே திரும்பி வந்தது. கடலில் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. பாசிகள் கசியவிடும் கரைபொருளைப் பாக்டீரியா உறிஞ்ச, அதை நுண்ணிய ஒருசெல் உயிரிகள் தின்ன, அவை வழியாக ஆற்றல் மறுபடி மேலே ஏறும் பாதையை 1974இல் லாரன்ஸ் பொமராய் எடுத்துக்காட்டினார்; 1983இல் ஃபாரூக் அஸாமும் கூட்டாளிகளும் அதை விரித்து எழுதினார்கள்.

கடைசியாக ஒரு மறுப்பு உண்டு, இருப்பதிலேயே வலுவானது. 1995இல் டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் உலகெங்கும் உள்ள 48 நீர்ச்சூழல் மாதிரிகளை எடுத்து, படிக்குப் படி கைமாறும் திறனின் சராசரியைக் கண்டார்கள். விடை 10.1 சதவீதம். பிறகென்ன, விதி நிரூபணமாகிவிட்டது என்று பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். தனித்தனி மதிப்புகள் ஏறத்தாழ 2இலிருந்து 24 வரை சிதறிக் கிடக்கின்றன என்பது ஒரு பதில். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தச் சராசரி எப்படிப் பிறந்தது என்பது. அந்த மாதிரிகள் ஈகோபாத் என்ற முறையில் கட்டப்பட்டவை. 1984இல் ஹவாய்ப் பவளத்திட்டு ஒன்றுக்காக ஜெஃப்ரி பொலோவினா தொடங்கிவைத்தது. அதில் பல விலங்குகள் முழு எண் படியில் உட்காராது, 2.3, 3.6 என்று பின்னத்தில் நிற்கும். ஒவ்வொரு உயிரியின் எச்சமும் சாவும் மக்கின் கணக்கில் வரவு வைக்கப்படும், மக்கிலிருந்து தின்பவை மறுபடி எடுத்துக்கொள்ளும், அத்தனையும் நேரானால்தான் கணக்கு முடியும். பத்து விழுக்காடு விதிக்கு ஆதரவாக நம்மிடம் இருக்கும் சிறந்த எண், விதி கழித்துவிட்ட அந்தச் சேற்றையும் சேர்த்து எழுதிய பேரேடுகளிலிருந்து வந்தது.