பச்சை பட்டன், சிவப்பு பட்டன்

போன ஞாயிறு காலை. பையன் காலேஜில் முதல் வருஷம், லீவுக்கு வந்திருக்கிறான். "அப்பா, ஃபிளிப்-ஃபிளாப்னா என்னப்பா?" என்றான். கிச்சனிலிருந்து அவன் அம்மா, "வாசல்ல கழட்டிப் போட்டிருக்கியே, அதுதான்" என்றாள். அமெரிக்காவில் ஹவாய் செருப்புக்கு அதுதானே பெயர்! இருபது வருஷமாக இந்த சான் ஹோசேயில் அந்த இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப்பை வைத்துத்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறேன். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

பேப்பரை எடுத்தேன். இரண்டு கேட் வரைந்து, இதன் அவுட்புட் அதற்கு இன்புட், அதன் அவுட்புட் இதற்கு இன்புட் என்று ஆரம்பித்ததுமே பையனின் கண் செல்போனுக்குப் போய்விட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தாத்தா வீட்டு மோட்டாரைப் பற்றிச் சொன்னேன்.

கிணற்று மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சை பட்டன், சிவப்பு பட்டன். பச்சையை அமுக்கினால் உள்ளே காயிலில் கரண்ட் ஓடி ஒரு கான்டாக்டை இழுக்கும். விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? இழுபட்ட கான்டாக்டே காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும். காயில் கான்டாக்டைப் பிடிக்க, கான்டாக்ட் காயிலைப் பிடிக்க, விரல் போன பின்னும் விரல் வைத்த ஞாபகம் நிற்கிறது. சிவப்பை அமுக்கினால் பிடி விட்டுப் போகும். கரண்ட் போனாலும் அப்படித்தான். திரும்பி வரும்போது மோட்டார் தானாக ஓடாது, எல்லாம் மறந்திருக்கும். இதுதான் லாட்ச். 1918-ல் இங்கிலாந்தில் வில்லியம் எக்கிள்ஸும் எஃப். டபிள்யூ. ஜோர்டனும் இரண்டு ரேடியோ வால்வுகளை இப்படி ஒன்றையொன்று பிடிக்க வைத்தார்கள். இன்றைக்கும் சிப்புக்குள் அடிப்படை அதுவேதான், வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர்.

"அப்போ ஃபிளிப்-ஃபிளாப்?" செல்போன் கீழே வந்துவிட்டது.

நம்ம வராகமூர்த்தி கோயிலை நினைத்துக்கொள் என்றேன். நடை திறந்திருக்கும்வரை உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். சாத்திவிட்டால், கடைசியாகப் பார்த்ததுதான் மனதில் நிற்கும். இது டி-லாட்ச். நடை திறந்திருக்கிற நேரமெல்லாம் உள்ளே வருவது அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும் என்பதுதான் தொல்லை. அதனால் இரண்டு நடையை வரிசையாக வைத்து, ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்கும்படி செய்தார்கள். முதல் நடை மூடி இரண்டாவது திறக்கும் அந்தக் கணத்தில் உள்ளே என்ன இருந்ததோ அது மட்டும் வெளியே தெரியும். இதுதான் ஃபிளிப்-ஃபிளாப். பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் மேத்தன் மணி இருக்கிறதே, மணிக்கொரு தரம் தாடிக்காரர் வாயைத் திறக்க, இரண்டு கிடாவும் கன்னத்தில் முட்டுமே, அந்த முட்டுதான் கிளாக். நடுவில் என்ன நடந்தாலும் அதற்குக் கவலையில்லை.

"கரெக்டா முட்டுற நேரத்துல இன்புட் மாறினா?"

கேட்டானே ஒரு கேள்வி! எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். கிளாக்குக்குக் கொஞ்சம் முன்பே இன்புட் நிலையாக இருக்கவேண்டும். அது செட்டப் டைம். கிளாக் அடித்த பிறகும் கொஞ்ச நேரம் மாறக்கூடாது. அது ஹோல்ட் டைம். மீறினால் ஃபிளிப்-ஃபிளாப் 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் நடுவில் தொங்கும். மெட்டாஸ்டபிலிட்டி என்பார்கள். மலை உச்சியில் நிற்கும் பந்து மாதிரி. எப்படியும் ஒரு பக்கம் உருளும், ஆனால் எப்போது, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. 1973-ல் சேனி, மோல்னார் என்ற இருவர் இதை அளந்து காட்டிக் கட்டுரை எழுதினார்கள். வழக்கமான வைத்தியம், பின்னால் இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப் போட்டு ஒரு கிளாக் பொறுத்திருப்பது. அதற்குள் முதலாவது அநேகமாக ஒரு பக்கம் விழுந்திருக்கும்.

சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டேன்.

நாங்கள் ஊருக்குத் திரும்புகிற கதையும் இதுதானே? ஒவ்வொரு ஏப்ரலிலும் கம்பெனி லெட்டர் வரும்போதுதான் யோசிப்போம். கிரீன் கார்டு வரட்டும், வீட்டுக் கடன் முடியட்டும், பையன் பத்தாவது, பன்னிரண்டாவது... இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு கிளாக். சிப்பில் இந்த வைத்தியம் பலிக்கிறது, ஏனென்றால் காத்திருக்கும்போது யாரும் புது இன்புட் கொடுத்துக் குழப்புவதில்லை. நான் வருஷா வருஷம் கிளாக் அடிக்கிற நேரம் பார்த்து இன்புட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. அம்மா போனபிறகு தனி ஆள். முன்பெல்லாம் அவர் மோட்டார் போட்டால் அம்மா, "டேங்க் ரொம்பிடுத்து" என்று சத்தம் கொடுப்பாள். அம்மா மறந்தால் அவர் ஞாபகப்படுத்துவார். போன மாதம் மட்டும் இரண்டு தடவை தண்ணீர் வழிந்து தெருவில் ஓடி, பக்கத்து வீட்டு மாமி வந்து சிவப்பு பட்டனை அமுக்கியிருக்கிறாள். இதை அப்பா சொல்லவில்லை, மாமிதான் போனில் சொன்னாள்.

அன்று ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். இரண்டு மணி நேரம். அவளும் சரி என்றாள். ஏப்ரலுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்போதே மானேஜருக்கு மெயில் போட்டாகிவிட்டது. செட்டப் டைம் தாராளம்.

அப்பாவுக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வாங்கோ. ஆனா மோட்டாரை நான்தான் போடுவேன், கேட்டியா?" என்றார்.

"நீங்க போடுங்கோ. நான் நிறுத்தறேன்" என்றேன்.

இப்போது ஹோல்ட் டைம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே நண்பர்களே, திரும்பிப்போய் ஆறே மாதத்தில் ஓடிவந்தவர்கள் கதை உங்களிடம் நிறைய இருக்கும். தயவுசெய்து ஜூன் வரைக்கும் என்னிடம் சொல்லாதீர்கள்!