உயரம் அளந்துவிட்டுப் புறப்படுங்கள்!

பள்ளி விடுமுறை விட்டு இரண்டு நாள் ஆகியிருக்காது, அதற்குள் வீட்டில் நச்சரிப்பு தொடங்கிவிடும். "சிங்கப்பூருக்குப் போவோம்பா!" ஜோகூர்த் தோட்டத்தில் இருந்தாலும் சரி, குளுவாங், சிகாமட் போன்ற பட்டணங்களில் இருந்தாலும் சரி, தெம்பனிஸில் ஓர் அத்தையோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் குறைவு. தங்க இடம் இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் போதும், பிறகென்ன, பையைக் கட்ட வேண்டியதுதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கடைக்குட்டியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்க வையுங்கள். தலைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தையல் நாடாவால் அளந்து பாருங்கள். எத்தனை செண்டிமீட்டர்? அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடப்பிதழுக்கு அடுத்தபடி இந்தப் பயணத்தில் உங்களுக்குத் தேவைப்படப் போவது அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். பிள்ளைகள் வாயில் முதலில் வரும் பெயர் செந்தோசாத் தீவில் 2010-ஆம் ஆண்டு திறந்த யூனிவர்சல் ஸ்டுடியோஸ். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் சீட்டு 80 வெள்ளிக்கு மேல். சிங்கப்பூர் வெள்ளி! அதை நம் ரிங்கிட்டாக்க மூன்றால் பெருக்கினாலும் போதாது. எந்தச் சவாரியிலும் ஏறாமலே தலை சுற்றிவிடும். நான்கு வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். நான்கிலிருந்து பன்னிரண்டு வரை சிறுவர் சீட்டு.

ஆனால் உள்ளே போனபின் கணக்கு வேறு. 'மம்மி' என்னும் இருட்டு ரயிலில் ஏற 122 செ.மீ. உயரம் வேண்டும். ஒன்றையொன்று துரத்தும் இரட்டை உருளை ரயிலான 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வுக்கு 125. ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லும் ஜுராசிக் படகில் பெரியவர் துணையோடு போகவே 107 வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரி உயரமோ ஏறத்தாழ 110தான். 122-ஐ எட்ட ஏழு வயதாகிவிடும். சீட்டு கொடுப்பது வயதைப் பார்த்து; ஏற்றிக்கொள்வது உயரத்தைப் பார்த்து. இடைப்பட்ட அந்த மூன்று வருடங்களில்தான் பெற்றோர் பாடு திண்டாட்டம்.

ஒரு பூங்காவில் பார்த்த காட்சி மறக்கவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசை பிடித்து நின்ற குடும்பம். முறை வந்ததும் ஊழியர் அளவுகோலை நிறுத்தினார். பையன் குதிகாலைத் தூக்கிப் பார்த்தான், கழுத்தை நீட்டிப் பார்த்தான். இரண்டு செண்டிமீட்டர் குறைவு. "இரண்டுதானே, விடுங்களேன்!" என்று அப்பா மன்றாடினார். ஊழியர் சிரித்த முகத்தோடு தலையாட்டி மறுத்தார். அக்கா மட்டும் உள்ளே போனாள். பையன் அழவில்லை. தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா மட்டும் பெரிய ஆளா?" என்று கேட்டான். அந்தத் தாயின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அந்த ஊழியரை நொந்து பயனில்லை. தோளையும் தொடையையும் அழுத்திப் பிடிக்கும் அந்தக் கம்பிகள் ஓர் அளவு உடம்புக்காகச் செய்யப்பட்டவை. சிறிய உடம்பு வளைவிலே நழுவிவிடலாம். வாதாடி ஜெயிக்கக்கூடிய விஷயமல்ல இது. ஆனால் இதையெல்லாம் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிவிடலாம். வரிசையின் முனையில் வைத்துச் சொல்வதுதான் கொடுமை. (அளவுகள் மாறுவதுண்டு. சீட்டு வாங்குமுன் பூங்காவின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

செந்தோசாதான் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால், சின்னவர்களுக்கும் அங்கே சில உண்டு. 'செசமி ஸ்திரீட்' பொம்மைச் சவாரியில் பெரியவர் மடியோரம் உட்கார்ந்து போகலாம். 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் பகுதியில் குடை ராட்டினம் சுற்றலாம். தண்ணீரில் நடக்கும் 'வாட்டர்வேர்ல்ட்' சாகசக் காட்சி பெரிய பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வெடிச்சத்தம் பலமாதலால் மடிக்குழந்தை மிரளும், பின்வரிசையில் உட்காருங்கள். அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு நின்று, பிறகு மறுபடி வரிசை பிடிக்காமலே அம்மா ஏறும் வசதியும் உண்டு. வாய்திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

தெம்பனிஸிலிருந்து டவுன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் நேரே லிட்டில் இந்தியா. அங்கே இறங்கித் தேக்கா நிலையத்தில் தோசையோடு பசியாறிவிட்டு, வடகிழக்குப் பாதையில் ஹார்பர்ஃபிரண்ட் போய்ச் சேரலாம். பூங்காவுக்குள் பொதுவாக வெளிச்சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். வயிறு நிறைந்திருப்பது பணப்பைக்கும் நல்லது.

தேக்காவுக்கு வந்தவர்கள் நேரமிருந்தால் கிச்சனர் சாலைப் பக்கம் எட்டிப் பாருங்கள். இப்போது சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கும் அந்த இடத்தில்தான் 1923-இல் 'நியூ வேர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா தோன்றியது. ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் தொடங்கியது. நாடகம், குத்துச்சண்டை, நடனம், ராட்டினம் என்று எல்லா இனத்தாரும் கூடிய இடம். 1987-இல் மூடிவிட்டார்கள். உங்கள் தாத்தா பாட்டி அங்கே போயிருந்தால் அவர்களைக் கேளுங்கள், கண் மின்னும்.

சரி, கடைக்குட்டி 110 செ.மீ.க்கும் கீழே என்றால்? என் யோசனை, செந்தோசாவை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். தெம்பனிஸிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம், பாசிர் ரிஸ். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் 'டவுன்டவுன் ஈஸ்ட்'. அதனுள்ளே 2002-இல் திறந்த 'வைல்ட் வைல்ட் வெட்' நீர்ப் பூங்கா. நடத்துவது யார் தெரியுமா? சிங்கப்பூரின் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸைச் சேர்ந்த மன்றம். தொழிற்சங்கம் சம்பளம் கேட்டுப் போராடத்தான் தெரிந்தது என்று நினைக்கும் தோட்டத்து நண்பர்கள் இதைக் கவனிக்க! பக்கத்திலேயே 2000 முதல் 2011 வரை 'எஸ்கேப்' என்னும் ராட்டினப் பூங்காவும் இருந்தது. இன்றைய இளம் தகப்பன்மார் பலருக்கு அதுவே பால்ய நினைவு.

இங்கும் உயரமான சறுக்குகளில் அளவு பார்ப்பார்கள். ஆனால் பொடியன்களுக்கென்று தனிப் பகுதி, சிறு சறுக்கு, பீய்ச்சும் நீர், முழங்காலளவு தண்ணீர். மெல்ல ஓடும் ஆற்றில் மிதவையில் சாய்ந்தபடி பெற்றோர் கைபிடித்துப் போகலாம். அலையடிக்கும் குளமும் உண்டு. மிதவைச் சறுக்கு ஒன்றின் பெயர் 'ஊலார்லா'. 'ஊலார்' என்றால் மலாய்மொழியில் பாம்பு. அந்த 'லா'வுக்கு அர்த்தம் நான் சொல்லவா வேண்டும்!

தாய்மார்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. சேலையோடும் ஜீன்ஸோடும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். கை, கால் முழுதும் மூடும் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரெல்லாம் நனையும்போது நீங்கள் மட்டும் கரையில் உட்கார்ந்து ஈரத்துண்டைக் காத்துக்கொண்டிருப்பீர்கள். எத்தனை அம்மாக்களை அப்படிப் பார்த்தாயிற்று! அவர்களுக்கும் அது விடுமுறைதானே?

இன்னொன்று, மழை. ஆண்டிறுதி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. மின்னல் எச்சரிக்கை வந்தால் குளத்திலிருந்து எல்லாரையும் ஏற்றிவிடுவார்கள். இடி பெரும்பாலும் பிற்பகலில்தான். ஆகையால் கதவு திறக்கும்போதே போய் நில்லுங்கள்.

கையில் காசு குறைவா? தெம்பனிஸை விட்டு நகரவே வேண்டாம். 2017-இல் திறந்த 'நம் தெம்பனிஸ் நடுவத்தில்' நீச்சல் குளங்கள், நூலகம், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ். தெம்பனிஸ் மத்தியப் பூங்காவிலோ பழ வடிவ விளையாட்டுத் திடல். தர்ப்பூசணித் துண்டும் மங்குஸ்தானும் பிள்ளைகள் ஏறி விளையாடும் அளவுக்குப் பெரிதாக! எண்பதுகளில் தழைக்கத் தொடங்கிய இந்த நகரம், அதற்குமுன் மணல் தோண்டும் குழிகளும் தோட்டங்களுமாக இருந்த நிலம். 'தெம்பினிஸ்' என்ற வைரம் பாய்ந்த மரத்தின் பெயரே ஊருக்கு.

திரும்பும்போது ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள். பாலத்தில் நெரிசல் தாங்காது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தையிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். ஈரத்துணிக்குத் தனிப்பை மறக்க வேண்டாம். பிள்ளைகள் வுட்லண்ட்ஸ் வருமுன்பே தூங்கிவிடுவார்கள். கடப்பிதழ்களை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.